பிலடெல்பியா பழைய நகரில் குழந்தைகளோடு ஒரு நாள்: செலவில்லாமல் வரலாற்றைத் தொட்டுப் பார்க்க

கேள்வி இது: "6 வயதுப் பெண், 9 வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா எல்லோருமாக ஒரு நாள் பிலடெல்பியாவின் பழைய நகரப் பகுதிக்குப் போகிறோம். அந்தக்கால உடையில் ஆட்கள் வந்து பேசுவது, பழைய தொழில்களைச் செய்து காட்டுவது போன்றவற்றில் எவையெல்லாம் இலவசம்? குழந்தைகளுக்கு எது பிடிக்கும்?"

முதலில் சுருக்கமான பதில். நிறைய இருக்கிறது. ஒரு பகலுக்குப் போதுமானதைவிடவே அதிகம். ஆனால் கட்டடங்களை எண்ணிக்கொண்டு ஓடினால் இரண்டு மணி நேரத்தில் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். குழந்தை கேட்க, செய்ய, தேட ஏதாவது இருக்கும் இடங்களுக்கு நேரத்தை ஒதுக்கி, மற்றவற்றை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே நல்லது. அப்படிப் பார்த்தால் என் கணக்கில் முதலிடம் விடுதலையின் சின்னமான லிபர்ட்டி மணிக்கும் இல்லை, இன்டிபெண்டன்ஸ் ஹாலுக்கும் இல்லை. அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரும் அச்சகக்காரருமான பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரில் மார்க்கெட் தெருவில் இருக்கும் அச்சகத்துக்குத்தான்.

இந்தப் பகுதியின் பெரும்பாலான இடங்கள் தேசியப் பூங்காத் துறையின் கையில் உள்ளன. அதனால் நுழைவு இலவசம். ஆனாலும் சில இடங்களில் சிறு செலவு ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்து மன்னரின் ஆட்சியிலிருந்து அமெரிக்கா விடுபடுவதை அறிவித்த சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய இன்டிபெண்டன்ஸ் ஹாலுக்குள் போக நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதிக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும், அதை இணையத்தில் முன்பதிவு செய்ய சீட்டுக்கு 1 டாலர் கட்ட வேண்டும். அமெரிக்கக் கொடியோடு பெயர் சேர்ந்த பெட்சி ராஸ் என்ற பெண்ணின் வீட்டு முற்றம் இலவசம், வீட்டுக்குள் கட்டணம். எல்ஃப்ரெத்ஸ் ஆலி என்ற சந்தில் நடக்கக் காசு வேண்டாம், அங்கிருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்கு வேண்டும். பிராங்கிளின் முற்றத்திலும் அப்படியே: அச்சகம் இலவசம், நிலத்தடி அருங்காட்சியகத்துக்குக் கட்டணம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வாசலில் நின்று குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்காது.

மார்க்கெட் தெருவில் 3-ஆவது, 4-ஆவது தெருக்களுக்கு நடுவே செங்கல் வீடுகளின் வரிசை ஒன்று இருக்கிறது. அதில் 320-ஆம் எண் கட்டடம்தான் அச்சகம். 18-ஆம் நூற்றாண்டு முறையில் செய்த மர அச்சு இயந்திரத்தை வைத்து, பூங்கா ஊழியர் உங்கள் கண்ணெதிரே ஒரு தாளை அச்சடித்துக் காட்டுவார். நம் ஊரில் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்கள்தான் நல்ல வழிகாட்டி, அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. எழுத்துகள் இரண்டு மரத்தட்டுகளில் அறை அறையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து மேல் தட்டில், சிறிய எழுத்து கீழ்த் தட்டில். கோப்பவர் கையில் இருக்கும் சிறிய உலோகச் சட்டத்தில் எழுத்துகளை இடமிருந்து வலமாக, ஆனால் தலைகீழாக அடுக்குவார். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் b, d, p, q நான்கும் இங்கேதான் பழகாதவரைக் குழப்பும். முந்தின நாள் வீட்டில் குழந்தையைத் தன் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் தெரிவதை அப்படியே வரையச் சொல்லுங்கள். அச்சகத்தில் அந்தத் தட்டுகளைப் பார்த்ததும் விஷயம் சட்டென்று பிடிபடும்.

அடுத்தது மை. கம்பளி மயிரை உள்ளே திணித்து மேலே தோலைக் கட்டி, மரக் கைப்பிடி வைத்த இரண்டு உருண்டைகளால் எழுத்தின் மேல் மையை ஒத்துவார்கள். மை, விளக்குப் புகைக்கரியும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயும் சேர்ந்தது. மை அதிகமானால் எழுத்துகளின் நடுவில் இருக்கும் சிறிய வெற்றிடம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். குறைந்தால் பக்கம் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். அந்தக் காலத்தில் தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க உருண்டைகளை இரவில் சிறுநீரில் ஊறவைப்பார்கள். இதைக் கேட்ட எந்தக் குழந்தையும் அந்த அச்சகத்தை மறக்காது. தாளையும் முன்கூட்டியே ஈரப்படுத்தி வைத்திருப்பார்கள். துணிக்கந்தலில் செய்த தாள் காய்ந்த நிலையில் விறைப்பாக இருக்கும், மையைச் சீராக வாங்காது. அதனால் அச்சான பிறகு கொடியில் துணி உலர்த்துவதுபோல் தாளைத் தொங்கவிட வேண்டியிருந்தது.

பிறகு தாளைச் சட்டத்தில் வைத்து மூடி, கைப்பிடியைச் சுழற்றிப் படுக்கையை இயந்திரத்தின் அடியில் தள்ளி, நெம்புகோலை இழுப்பார்கள். அழுத்தும் பலகை பக்கத்தின் பாதியைத்தான் மூடும் என்பதால் பெரிய தாளுக்கு இரண்டு முறை இழுக்க வேண்டும். ஒருவர் மை ஒத்த, ஒருவர் இழுக்க, இரண்டு பேர் சேர்ந்து நன்றாக வேலை செய்தால் மணிக்கு சுமார் 240 தாள்கள், அதுவும் ஒரு பக்கம் மட்டும். 1776 ஜூலை 4 இரவு ஜான் டன்லப் என்ற அச்சகக்காரர் இப்படித்தான் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பிரதிகளை அடித்தார். சுமார் 200 பிரதிகள் அடித்ததாகக் கணிக்கிறார்கள். இன்று இருப்பதாகத் தெரிந்தவை 26.

உங்கள் 9 வயதுப் பையனுக்கு ஒரு தகவல்: பெஞ்சமின் பிராங்கிளின் பாஸ்டனில் தன் அண்ணன் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 12. 21 வயதுவரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 17 வயதில், 1723-இல், அங்கிருந்து ஓடித்தான் பிலடெல்பியாவுக்கு வந்தார்.

செயல்விளக்கம் எப்போது தொடங்கும் என்று குறித்த நேரம் இருக்காது. கூட்டம் சேர்ந்தால் ஊழியர் தொடங்குவார். அறை சிறியது. பின்னால் நின்றால் குழந்தைக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். ஆகவே நடந்துகொண்டிருக்கும்போது நுழைந்தால் அது முடியும்வரை காத்திருந்து, கூட்டம் கலைந்ததும் முன்னால் போய் நின்று அடுத்ததைப் பாருங்கள். இந்தக் காத்திருப்பு வீண்போகாது.

அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்த முற்றத்தில்தான் பிராங்கிளின் வீடு இருந்தது. 1812-இல் இடித்துவிட்டார்கள். வீடு எப்படி இருந்தது என்று காட்டும் படம் எதுவும் கிடைக்காததால், ஊகித்துக் கட்டுவதற்குப் பதில், 1976-இல் வெறும் எஃகுச் சட்டத்தால் வீட்டின் வெளிவடிவத்தை மட்டும் நிறுத்தினார்கள். கீழே இருக்கும் அஸ்திவாரத்தை எட்டிப் பார்க்கக் கண்ணாடித் துளைகள் இருக்கின்றன, குழந்தைகள் விட்டு நகரமாட்டார்கள். பக்கத்தில் 316-ஆம் எண்ணில் உள்ள அஞ்சலகம் திறந்திருந்தால் ஒரு தபால் அட்டை வாங்கி, சர்வதேச அஞ்சல்தலை ஒட்டி, ஊரில் இருக்கும் யாருக்காவது குழந்தைகள் கையால் எழுதி அனுப்புங்கள். பிராங்கிளின் கையெழுத்திடும் பாணியில் அமைந்த 'பி. ஃப்ரீ பிராங்கிளின்' என்ற முத்திரையைக் கையால் குத்தித் தருவார்கள். அட்டைக்கும் தலைக்கும் மட்டும்தான் செலவு.

இரண்டாவது, கதை பெஞ்சுகள். பழைய நகரின் பல மூலைகளில் வளைந்த பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். சீருடை அணிந்த கதைசொல்லி ஒருவர் அங்கே நின்று, வருபவர்களை உட்காரவைத்து, அந்த இடத்தில் நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்வார். ஒரு கதை 5 நிமிடத்துக்கு மேல் போகாது. 2005-இல் தொடங்கிய திட்டம் இது. குழந்தைகளுக்கு ஒரு கொடிப் படம் தருவார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் கதை கேட்டு முடித்தால் ஒரு நட்சத்திரம். ஆரம்பகால அமெரிக்கக் கொடியில் 13 நட்சத்திரங்கள், அதனால் 13 கதைகள். எந்த ஆண்டில் எந்தெந்த பெஞ்சில் ஆள் இருப்பார் என்பது மாறும்; முதல் பெஞ்சிலேயே இன்றைக்கு எவை திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு வழியை அமைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசி வார விடுமுறைக்கும் செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினத்துக்கும் இடைப்பட்ட கோடைக்காலத்தில்தான் இது நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நட்சத்திரம் சேர்ப்பதே குறியாகிவிட்டால், குழந்தை கதையைக் கேட்காமல் அடுத்த பெஞ்சுக்கு இழுக்கும். 6 வயதுக்கு நான்கைந்து கதைகள் போதும். ஒரு கதை கேட்டதும், அடுத்த பெஞ்சுக்கு நடக்கும்போது, அதைத் தாத்தாவுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தை வேகமாகப் பேசும் கதைசொல்லியின் பேச்சு பெரியவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம். குழந்தையே மொழிபெயர்ப்பாளரானால் இருவருக்கும் லாபம்.

அந்தக்கால உடையில் இருப்பவர்களோடு பேசுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை உண்டு. ஒருவர் இன்றைய மனிதராகவே நின்று அன்றைய விஷயத்தை விளக்குவார். பூங்கா ஊழியரும் கதைசொல்லியும் இந்த வகை. இன்னொருவர் தானே அந்தக் காலத்து மனிதராக மாறிப் பேசுவார். இரண்டாம் வகையிடம் கைபேசி, கார் என்று கேட்டால், தெரியாததுபோல் நடித்து ஒரு வேடிக்கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பேச்சு வளராது. "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?", "தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்?", "என் வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?", "மன்னர் மேல் உங்களுக்கு ஏன் கோபம்?" என்பவைதான் பேச்சை வளர்க்கும் கேள்விகள். வீட்டிலேயே ஆளுக்கு இரண்டு கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கும் கையில் தாள் இருந்தால் வாய் திறக்கும். தெருவில் தனியாக வேடமிட்டு நின்று படம் எடுக்க அழைப்பவர்கள் அன்பளிப்பு எதிர்பார்க்கலாம். வேண்டாம் என்றால் புன்னகையோடு கடந்துவிடுங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை.

பெண்கள் அணிந்திருக்கும் பூப்போட்ட பருத்தி உடையையும் காட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசைப்பட்டு வாங்கிய சீட்டித் துணிகளில் சோழமண்டலக் கரையில் நெய்து வண்ணமேற்றியவற்றுக்குத் தனி மதிப்பு இருந்தது. பாட்டி இதைச் சொன்னால் பேத்தியின் காது நீளும்.

லிபர்ட்டி மணிக்குச் சீட்டு வேண்டாம், பாதுகாப்புச் சோதனை மட்டும். வரிசை நீண்டிருந்தால் நிற்காதீர்கள். செஸ்ட்நட் தெருப் பக்கம் இருக்கும் பெரிய கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே மணி தெரியும், கட்டடம் மூடிய பிறகும் தெரியும். உள்ளே போனால் குழந்தைகளுக்கு மூன்று தேடல் கொடுங்கள். முதலாவது, அகலமாகத் தெரியும் பிளவின் ஓரங்களில் துளைக்கருவியின் தடங்கள். எல்லோரும் விரிசல் என்று படமெடுக்கும் அந்தப் பிளவு உண்மையில் 1846-இல் செய்த பழுதுபார்ப்பு. மெல்லிய விரிசலின் இரு விளிம்பும் உரசி அதிராமல் இருக்க அதைத் துளைத்து அகலமாக்கினார்கள். அதன் மேல்முனையிலிருந்து மயிரிழைபோல் ஓடும் இரண்டாவது விரிசல்தான் மணியை ஊமையாக்கியது. இரண்டாவது, பென்சில்வேனியா என்ற பெயரில் ஒரு 'என்' குறைவதைக் கண்டுபிடிப்பது. அது பிழையல்ல, அன்று அப்படியும் எழுதினார்கள். மூன்றாவது, ரோமன் எண்ணில் எழுதிய 1753 என்ற ஆண்டு. லண்டனில் வார்த்து வந்த மணி முதல் ஒலியிலேயே விரிசல் விட்டதால் உள்ளூரில் பாஸ், ஸ்டோ என்ற இருவர் உருக்கி மறுபடி வார்த்தார்கள். எடை சுமார் 943 கிலோ.

மணி மண்டபத்தின் வடக்கு வாசலை ஒட்டி, 6-ஆவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் முனையில், கூரையில்லாத செங்கல் சுவர்களோடு ஓர் இடம் இருக்கிறது. அவசரத்தில் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். முதல் அதிபர் வாஷிங்டன் குடியிருந்த மாளிகை நின்ற இடம் அது. அவர் அங்கே ஒன்பது பேரை அடிமைகளாக வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிலிருந்து கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம். அதைத் தவிர்க்க, ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796 மே 21 அன்று, வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்தபோது வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குத் தப்பினார். திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பியும் பிடிபடவில்லை. மணியில் பொறித்த விடுதலை வாசகத்தைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது குழந்தைகளுக்குப் பாதிக் கதையைச் சொல்வதாகும். 9 வயதுக்கு இது தாராளமாகப் புரியும், "அப்படியென்றால் அந்த மணி யாருக்காக?" என்று அவர்களே கேட்பார்கள். அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்கள்தான் 1830-களில் அதற்கு 'லிபர்ட்டி பெல்' என்ற பெயரையே பரப்பினார்கள் என்பது அந்தக் கேள்விக்குச் சரியான தொடக்கம்.

இன்டிபெண்டன்ஸ் ஹால் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். 6 வயதுக் குழந்தைக்கு அது கஷ்டம். குழுவாக அழைத்துப்போய், தடுப்புக்கு இப்பால் நிற்கவைத்து, மேசை நாற்காலிகளைக் காட்டி விளக்குவார்கள். தொட எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு ஆசையிருந்தால் முன்பதிவு செய்யுங்கள். கோடையில் நாட்கள் முன்னதாகவே சீட்டு தீர்ந்துவிடும். பாதுகாப்புச் சோதனைக்காகக் குறைந்தது அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பாட்டி தாத்தாவும் பையனும் உள்ளே போக, சின்னவள் வெளியே கதை பெஞ்சில் இருப்பது நல்ல ஏற்பாடு.

சீட்டு கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், செஸ்ட்நட் தெருவிலேயே இரண்டு தெரு தள்ளி கார்பென்டர்ஸ் ஹால் இருக்கிறது. இலவசம், பெரும்பாலும் கூட்டமும் இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும். 1774-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த முதல் கான்டினென்டல் காங்கிரஸ் மாநாடு கூடியது இங்கேதான். தச்சர்கள் சங்கம் கட்டிய கட்டடம், இன்றும் அதே சங்கத்தின் சொத்து. மாநாட்டில் பயன்படுத்திய நாற்காலிகள் சில இருக்கின்றன. பதினைந்து நிமிடம் போதும்.

எல்ஃப்ரெத்ஸ் ஆலி, 2-ஆவது தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் குறுகிய சந்து. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1836 வரை கட்டிய 32 வீடுகள். இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, ஆகவே ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பதும் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது. இங்கே குழந்தைகளுக்குத் தேடல் விளையாட்டு. வீட்டு முகப்பில் உயரத்தில் பதித்திருக்கும் உலோகக் குறிகளை எண்ணச் சொல்லுங்கள். அவை தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனங்களின் அடையாளம். நான்கு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் குறி, 1752-இல் பிராங்கிளினும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனத்துடையது. வாசலில் மரம் நின்றால் தீயணைக்க இடைஞ்சல் என்று அவர்கள் காப்பீடு தர மறுக்க, மரம் வைத்திருந்தவர்களுக்காக 1784-இல் வேறொரு நிறுவனம் பிறந்தது. அதன் குறி ஒரு பச்சை மரம். அடுத்து, மாடி ஜன்னலில் நீட்டியிருக்கும் கண்ணாடிகள். கதவைத் தட்டுவது யார் என்று கீழே இறங்காமலே பார்ப்பதற்கு. மூன்றாவது, வாசலில் பூட்ஸ் சேற்றைச் சுரண்டும் இரும்புத் தகடு. தரை கூழாங்கல் பாவியது. சிறு சக்கரத் தள்ளுவண்டி மாட்டிக்கொள்ளும், பெரியவர்களுக்குக் கால் பிசகும். ஓரத்து நடைபாதையிலேயே போகச் சொல்லுங்கள்.

சந்தின் மறுமுனைக்கு அப்பால் டெலவேர் ஆறு. 1784-இல் இந்த நகரத்திலிருந்து புறப்பட்ட 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் அதே ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் நங்கூரமிட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அது. ஆற்றைப் பார்க்கும்போது தாத்தா சொல்ல நல்ல செய்தி.

பெட்சி ராஸ் வீடு ஆர்ச் தெருவில், 239-ஆம் எண். முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்தவர் என்று சொல்லப்படும் பெண்ணின் பெயரில் இருக்கிறது. கோடையில் முற்றத்தில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். ஜூன் 14, கொடி நாளில் விசேஷம். வாஷிங்டனே நேரில் வந்து கொடி கேட்டார் என்ற கதையை பெட்சி ராஸின் பேரன் 1870-இல்தான் பொதுவில் சொன்னார். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் 1777-இல் பென்சில்வேனியக் கடற்படைக்குக் கொடி செய்ததற்காக பெட்சி ராஸுக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொன்னால் 9 வயதுப் பையனுக்கு வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதும் தெரியும்.

அந்தக் கதையில் பெட்சி ராஸ் செய்து காட்டியதாக வரும், ஒரே வெட்டில் ஐந்துமுனை நட்சத்திரம் செய்யும் வித்தையை முந்தின நாளே வீட்டிலோ ஓட்டலிலோ செய்துவிடுங்கள். கத்தரிக்கோலைப் பையில் எடுத்துப்போகாதீர்கள், சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க லெட்டர் தாள் 8.5 × 11 அங்குலம். நீளத்தில் 1 அங்குலத்தை வெட்டி 8.5 × 10 ஆக்குங்கள். ஏ4 தாள் என்றால் 21 செ.மீ. அகலம் அப்படியே இருக்க, நீளத்தை 24.7 செ.மீ.-க்குக் குறையுங்கள். நீளப் பக்கம் பாதியாகும்படி மடித்து, மடிப்பு மேலே வருமாறு வையுங்கள். இதை இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை பாதியாக மடித்துப் பிரித்தால் கூட்டல் குறிபோலக் கோடு விழும். மேல் மடிப்பின் நடுப்புள்ளியில் விரலை ஊன்றிக்கொண்டு, இடப்பக்க மேல்முனையை வலப்பக்கம் கொண்டுவந்து, அந்த முனை கிடைக்கோட்டைத் தொடும்படி மடியுங்கள். அந்த மடலையே பாதியாக இடப்பக்கம் திருப்பி, அதன் விளிம்பு இடது ஓரத்து மடிப்போடு பொருந்தும்படி அழுத்துங்கள். இப்போது வலப்பக்கம் எஞ்சியிருக்கும் மேல்விளிம்பைக் கொண்டுவந்து, நடுவில் நிற்கும் மடிப்பு ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். அந்தப் பகுதி முழுவதையும் அதே ஓரத்தில் இன்னொரு முறை இடப்பக்கம் கவிழ்த்தால், 36 பாகைக் கூர்மையுள்ள பத்து அடுக்குக் கூம்பு கிடைக்கும். கூர் முனையிலிருந்து ஒரு ஓரத்தில் 4 அங்குலத்திலும் மறு ஓரத்தில் 1½ அங்குலத்திலும் புள்ளி வைத்து, இரண்டையும் இணைக்கும் சாய்கோட்டில் வெட்டுங்கள். ஏ4-க்கு 10 செ.மீ., 3.8 செ.மீ. கூர் முனைப் பக்கத்துத் துண்டைப் பிரித்தால் நட்சத்திரம்.

தவறுவது மூன்று இடங்களில். சாய்க்காமல் ஓரத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் நட்சத்திரத்துக்குப் பதில் ஐங்கோணம் வரும். 4¼ அங்குலத்தைத் தாண்டிப் புள்ளி வைத்தால் தாள் போதாமல் சில முனைகள் மழுங்கும். நடுப்புள்ளி நகர்ந்து மடிந்தால் ஒரு கை குட்டையாகிவிடும். பத்து அடுக்கைக் குழந்தைகளின் கத்தரிக்கோல் வெட்டாது. மடிப்பு அவர்கள் வேலை, வெட்டு உங்கள் வேலை.

தேதியை மாற்ற முடியுமானால் ஜூலை 8-ஐ யோசியுங்கள். 1776-இல் அந்த நாள் நண்பகலில்தான் கர்னல் ஜான் நிக்சன், இன்டிபெண்டன்ஸ் ஹாலின் பின்பக்க மைதானத்தில் நின்று பிரகடனத்தை மக்களுக்கு முதல்முறை வாசித்தார். ஆண்டுதோறும் அதே இடத்தில் அந்த வாசிப்பை நடித்துக் காட்டுகிறார்கள், இலவசம். பார்வையாளர்கள்தான் அன்றைய கூட்டம். பிடித்தால் ஆரவாரம், பிடிக்காவிட்டால் எதிர்ப்புக் கூச்சல். பிரகடனத்தில் சுமார் 1,300 சொற்கள், மன்னர் மேல் 27 குற்றச்சாட்டுகள். வரி, படைவீரரை மக்களிடையே தங்கவைத்தல் என்று நான்கைந்தை மட்டும் முன்பே விளக்கிவிட்டால் குழந்தைகள் சரியான இடத்தில் கத்துவார்கள். 45 நிமிடம் முன்னதாகப் போய் நிழலில் இடம் பிடியுங்கள். ஜூலை நண்பகல் வெயிலும் புழுக்கமும் சென்னையை நினைவூட்டும்.

நடக்கும் வரிசை: 6-ஆவது தெரு, மார்க்கெட் முனையில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் தொடங்குங்கள். கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். பூங்காவின் குழந்தைகளுக்கான செயல்பாட்டுப் புத்தகமான ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தையும் இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். வயதுக்கேற்ற பக்கங்களை முடித்துக் காட்டினால் உறுதிமொழி சொல்லவைத்து ஒரு பேட்ஜ் தருவார்கள். அங்கிருந்து மணி, வாஷிங்டன் மாளிகை இடம், கார்பென்டர்ஸ் ஹால், அச்சகம், பெட்சி ராஸ் முற்றம், எல்ஃப்ரெத்ஸ் ஆலி. திரும்பும்போது ஆர்ச் தெரு வழியாக 5-ஆவது தெரு முனைக்கு வந்தால், இரும்பு வேலி வழியாக நடைபாதையிலிருந்தே பிராங்கிளின் கல்லறை தெரியும். காசு எறிவது வழக்கம், ஆனால் அந்தக் காசுகளால்தான் கல் குழிவிழுந்தது, குழந்தைகளைத் தடுங்கள். கடைசியில் பிராங்கிளின் சதுக்கத்தில் விளையாட்டுத் திடலும் நீரூற்றும் இருக்கின்றன. மொத்த நடை சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஆற்றிலிருந்து மேற்கே போகப்போகத் தெரு எண் கூடும் என்பதைப் பையனிடம் சொன்னால் வரைபடம் அவன் பொறுப்பு.

ரயிலில் 5-ஆவது தெரு நிலையத்தில் இறங்கினால் எல்லாம் நடைதூரம். காரில் வந்தால் நிறுத்தும் கட்டணம்தான் அன்றைய பெரிய செலவாகிவிடும். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தால் மைதானப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டடங்களுக்குள் கூடாது. பெரிய பை கொண்டுவராதீர்கள், ஒவ்வொரு சோதனையிலும் நேரம் போகும்.

மழை வந்தால் அச்சகம், கார்பென்டர்ஸ் ஹால், மணி மூன்றும் கூரைக்குக் கீழே. குளிர்காலத்தில் கதை பெஞ்சுகள் இருக்காது, பல கட்டடங்களின் நேரமும் குறையும். ஆனால் மணி மண்டபத்தில் வரிசையே இருக்காது. அச்சகம் எந்த நாட்களில் திறக்கும் என்பது ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதால், முந்தின நாள் மாலை பூங்காவின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.